வெறும் புல்லா இரவிகுளம்?

கேள்வி: மே முதல் வாரம் குடும்பத்தோடு மூணாறு போகிறோம். 68 வயது அம்மாவும், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு கட்டாயம் தெரியுமா? யானை, புலி பார்க்கலாமா? ஆனைமுடி ஏற விடுவார்களா? போய் வந்த உறவினர் ஒருவர், 'வெறும் புல்லும் மூட்டமும்தான், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்' என்கிறார். உண்மையா?

பதில்: முதலில் கேட்டவற்றுக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வரையாடு பெரும்பாலும் தெரியும். மே மாதம் என்பதால் குட்டிகளோடு தெரியும். யானையும் புலியும் அந்தக் காட்டில் உண்டு. ஆனால் பயணிகள் நடக்கும் ராஜமலைப் பகுதியில் அவற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனைமுடி ஏறப் பொதுப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. ஒரு மணி நேரம் போதவே போதாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் உறவினர் சொன்ன 'வெறும் புல்' என்ற சொல்தான் என்னை நீளமாக எழுத வைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலைக்குப் போய் வருகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேராவது இதே சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் புல்லைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இரவிகுளத்தில் மற்ற எல்லாமே தெரியத் தொடங்கும். தெரியாவிட்டால் வரையாடு பக்கத்தில் வந்து நின்றாலும், 'ஆடு மாதிரி இருக்கிறது' என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்த மலைச்சரிவைக் கண்ணால் படிக்கச் சொல்கிறேன். திறந்த சரிவு முழுக்கப் புல். இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பில் மட்டும், பச்சைக் கம்பளி மடித்து வைத்ததுபோல் ஒரு சிறு காடு. அதுதான் சோலை. அதன் மரங்கள் உயரம் குறைந்தவை, முறுக்கேறியவை, உடம்பெல்லாம் பாசி. காட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடியும். அடுத்த அடியில் புல் தொடங்கிவிடும். யாரோ மரங்களை வெட்டிப் புல்வெளி ஆக்கினார்கள் என்றுதான் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே பலர் நினைத்தார்கள். அதனால்தான் தமிழ்நாட்டு மலைகளில் அதைத் தரிசு என்று கணக்கெழுதி, சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். உண்மையில் இந்தப் புல்வெளி இயற்கையே வைத்திருப்பது. உறைபனி விழும் இரவுகளில் திறந்த வெளியில் மரக்கன்று பிழைப்பது கடினம், புல் பிழைத்துக்கொள்ளும். காற்றும், அவ்வப்போது வரும் தீயும் புல்லின் பக்கமே நிற்கின்றன. ஈரமும் மண்ணும் தங்கும் மடிப்பில் மரம் பிழைக்கிறது. நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது என்று கண்டார்கள். நம் எந்தக் கோயிலையும்விட, எந்த ஊரையும்விடப் பழையது நீங்கள் பார்க்கப் போகும் அந்தப் புல்.

இது எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. மர நடவும் வேளாண்மையும் அதை விழுங்கிவிட்டன. கொடைக்கானலில் வளர்ந்த என் நண்பர் ஒருவர் முதன்முறை ராஜமலையில் நின்றபோது, 'எங்கள் ஊரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?' என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. எனக்கும் பதில் சொல்ல நா எழவில்லை.

புல் தண்ணீரும் தருகிறது. மழையையும் மூட்டத்தின் ஈரத்தையும் புல்வெளியும் சோலையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. இரவிகுளத்தின் மேற்குப் பக்கத்து ஓடைகள் பெரியாற்றை நோக்கிப் போகின்றன. கிழக்கே போகும் தண்ணீர் பாம்பாற்றில் சேர்ந்து, சின்னாறு வழியே நம் அமராவதி அணைக்கு வருகிறது. நீங்கள் உடுமலைப்பேட்டை வழியாகப் போவதாக இருந்தால், வழியில் பார்க்கும் நெல் வயலிலும் கரும்பிலும் கொஞ்சம் இரவிகுளத்துத் தண்ணீர் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரூர்வரை அந்தத் தண்ணீர் போகிறது.

இனி வரையாடு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: வரை என்றால் செங்குத்து மலை, அதில் வாழும் ஆடு. மலையாளத்திலும் அதே பெயர்தான். சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்துப் பாட்டில் 'வருடை' என்று சொன்னது இதையே. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. இமயமலையிலும் இதே சாயலில் ஒரு காட்டாடு உண்டு; நெடுங்காலம் இரண்டையும் உடன்பிறப்புகளாகவே அறிவியலாளர்கள் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோதுதான், நம் வரையாடு செம்மறி இனத்துக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அதற்கென்றே தனிப் பேரினம் ஒதுக்கினார்கள். ஆகவே பிள்ளைகள் 'ஆடு' என்றால் திருத்த வேண்டாம். 'இதன் பேரினத்தில் இந்த உலகத்தில் வேறு விலங்கே கிடையாது, தனியாக நிற்கிற ஆடு' என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2025இல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் சேர்ந்து கணக்கெடுத்தன. மொத்தம் 2,668. அதில் 841 இரவிகுளத்தில் மட்டும். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே பூங்காவில், உலகத்து வரையாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! ஒரு கொள்ளை நோயோ பெருந்தீயோ வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் வரையாட்டுக்கென்று ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகவும் வைத்தது. 1970களில், வரையாடு எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று மலைமலையாக நடந்து கணக்கெடுத்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக வைத்த நாள் அது.

அங்கே என்ன பார்ப்பீர்கள்? மே மாதத்தில் முக்கியமாகப் பெட்டைகளும் குட்டிகளும். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பயணிகளுக்கு மூடிவிடுவது இதற்காகத்தான். அந்த மாதங்களில் மூணாறு போகிறவர்கள் இரவிகுளத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நீங்கள் போகும்போது குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். பாறை விளிம்பில் ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடும் வயது. பார்க்கும் நமக்கு நெஞ்சு பதறும். அவற்றுக்குப் பயமே கிடையாது. குளம்பின் ஓரம் கெட்டியாகவும் உள்பகுதி ரப்பர்போல் மெத்தென்றும் இருப்பதால் ஈரப் பாறையிலும் கால் பிடிக்கிறது.

பெட்டை சாம்பல் கலந்த பழுப்பு. வளர்ந்த கிடா கருமைக்கு நெருங்கிய அடர்பழுப்பு, எடையில் பெட்டையைப்போல் இரண்டு மடங்கு. கொம்பு இரண்டிலும் உண்டு, கிடாவுக்குத் தடிமன் கூடுதல். வயது ஏற ஏறக் கிடாவின் முதுகில் வெள்ளி நிறத்தில் ஒரு திட்டு பரவும், குதிரைக்குச் சேணம் போட்டதுபோல. அந்த முதிர்ந்த கிடாக்களை மே மாதத்தில் அதிகம் பார்க்க முடியாது. இனச்சேர்க்கைக் காலமான ஜூலை, ஆகஸ்டு மழையில்தான் அவை பெட்டைக் கூட்டங்களுக்குள் வருகின்றன. கொட்டும் மழையில் இரண்டு கிடாக்கள் தோளோடு தோள் உரசிச் சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொள்வதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அம்மாவோடும் பிள்ளைகளோடும் அந்த மழையில் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

கூட்டம் மேயும்போது கொஞ்ச நேரம் மேய்வதையே பார்க்காமல், மேயாமல் நிற்கும் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை. ஒரு பெட்டை உயர்ந்த பாறையில் நின்று சரிவின் கீழ்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். சிறுத்தையும் செந்நாயும் பெரும்பாலும் கீழிருந்துதான் வரும். ஆபத்து என்று பட்டால் சீழ்க்கைபோல் ஓர் ஒலி. மறு நொடி மொத்தக் கூட்டமும் செங்குத்துப் பாறையில் இருக்கும்.

ராஜமலையில் மட்டும் இவை ஏன் சாலைவரை வருகின்றன? நீலகிரியின் முக்கூர்த்தியில் வரையாட்டைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்: நாம் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும், எதிர் மலையில் நகரும் புள்ளிகளாகத்தான் மிஞ்சும். ராஜமலைக் கூட்டத்துக்கு மட்டும் அந்த அச்சம் குறைவு. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு.

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இந்தப் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்துக்கொண்டார்கள். தேயிலைக்குத் தோதில்லாத அளவுக்கு உயரம், குளிர், பாறை. வேட்டைக்கு விலங்கு வேண்டும் என்பதற்காகவே யாரும் கண்டபடி சுடக்கூடாது என்று சங்கம் அமைத்துக் கட்டுப்பாடு வைத்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் முதுவர்கள். இந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் பெயரோடு தெரிந்த பழங்குடி மக்கள் அவர்கள். அவர்களது குடிகள் இன்றும் பூங்காவை ஒட்டி இருக்கின்றன. துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மழையிலும் உறைபனியிலும் புல்வெளியில் இரவு தங்கிக் காவல் காத்த முதுவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. எனக்கு அது ஆறாத குறை. 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு கண்ணன் தேவன் நிலங்களைக் கையகப்படுத்தியது. 1975இல் இரவிகுளம் சரணாலயம் ஆனது. 1978இல் தேசியப் பூங்கா, கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா. துப்பாக்கிச் சத்தமே கேட்காத பல தலைமுறை வரையாடுகள் இதற்குள் பிறந்துவிட்டன. அதனால்தான் உங்கள் பிள்ளைகளின் கண்ணெதிரே குட்டி பால் குடிக்கும்.

அந்த நம்பிக்கையை இப்போது நாமே கெடுக்கிறோம். கொம்பைப் பிடித்துப் படம் எடுப்பவர்கள், குட்டியைத் துரத்துபவர்கள், பாக்கெட்டைப் பிரித்து நொறுக்குத் தீனி நீட்டுபவர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டேன். மலைப்புல்லில் உப்பு குறைவு. நொறுக்குத் தீனியின் உப்புக்கு அது எளிதில் பழகிவிடும். பழகிய ஆடு பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து மெல்லும். வரையாடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே இடம். தொட்டாலோ துன்புறுத்தினாலோ வழக்கு வரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது தானாகவே நம் பக்கம் வந்தால் அசையாமல் நில்லுங்கள், வழி விடுங்கள், அவ்வளவு போதும். பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள். நான் பார்த்தவரை சொல்லக் கேட்காதவர்கள் பெரியவர்கள்தான்.

போகும் விவரம். நுழைவு, மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் ஐந்தாம் மைல் என்ற இடத்தில். அதற்கு மேல் சொந்த வண்டிக்கு இடமில்லை. வனத்துறை பஸ்தான் தேயிலைத் தோட்டம் வழியாக ராஜமலைக்கு ஏற்றிச் செல்லும். மே மாதம் பள்ளி விடுமுறை, கூட்டம் மலைபோல் இருக்கும். ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், சனி ஞாயிறைத் தவிருங்கள், காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்க இறங்க ஆடுகள் மெல்ல மேலே ஏறிவிடும். கூச்சல் அவற்றுக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிப்பதில்லை.

பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தார் போட்ட பாதை ஒன்று சரிவில் ஏறுகிறது. தூரம் அதிகம் இல்லை, ஆனால் ஏற்றம். உயரம் 2,000 மீட்டரை ஒட்டி இருப்பதால் சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். உங்கள் அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். முழுப் பாதையும் ஏற வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வசதியான ஓரிடத்தில் அம்மாவை உட்கார வைத்தால், ஓடி ஓடித் தேடும் நம்மைவிட அவர் அதிகம் பார்ப்பார். என் தாயாரை அழைத்துப் போனபோது நடந்தது இது: நான் கேமராவோடு மேலே போய் ஒன்றும் கிடைக்காமல் இறங்கி வந்தேன், அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஏழு வரையாடுகள். 'வந்து அரை மணி ஆகிறது' என்றார்.

மேலே போகும்போது நிமிர்ந்து பார்த்தால், மூட்டம் விலகியிருந்தால், ஆனைமுடி தெரியும். 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரம் கிடையாது. யானையின் மத்தகம்போல் இருப்பதால் அந்தப் பெயர். ஏற முடியவில்லையே என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு வருத்தமாக இருக்கலாம். அவனுக்கு, அல்லது அவளுக்கு, ஒரு கதை சொல்லுங்கள். அந்தச் சிகரத்தை ஒட்டிய புதர்களில் ஒரு தவளை இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவு. பழுத்த மிளகாய் போன்ற செந்நிறம், உடம்பெல்லாம் பொரிப்பொரியாகப் புடைப்புகள். 2010இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். அதன் இனக்குழுவில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். இரவிகுளத்தின் உச்சியைத் தவிர இந்தப் பூமியில் அதற்கு வேறு வீடு இல்லை. நம் ஒரு செருப்புத் தடம் அதன் மொத்த ஊரில் விழக்கூடும் என்பதை ஒரு பிள்ளை புரிந்துகொள்ளும்.

பறவைகளுக்காக மட்டுமே நான் சில முறை போயிருக்கிறேன். பாதையோரப் புல்லில் ஒரு பழுப்புக் குருவி பறக்காமல் குடுகுடுவென்று ஓடினால், அது நீலகிரி நெட்டைக்காலியாக இருக்கும். உலகத்திலேயே தென்னிந்திய மலையுச்சிகளில் மட்டும் உள்ள பறவை. அதுவும் புல்வெளி இருந்தால்தான் இருக்கும். பழனி மலையில் புல் போனபோது அதுவும் சேர்ந்து இடம் இழந்தது. புதருக்குள் கூட்டமாகக் கத்திக்கொண்டே நகர்வது பழனிச் சிரிப்பான், பெயருக்கேற்ற குரல். சோலையின் ஓரம் நிழலில் செம்மஞ்சளும் கருப்புமாக ஒரு சிறு ஈப்பிடிப்பான் அமர்ந்திருக்கும். எட்டு வயதுக் கண்ணுக்கு அது எளிதில் அகப்படும். பாலூட்டிகளில், அதிர்ஷ்டம் இருந்தால் கீரி போல நீண்ட உடம்பும் கழுத்தில் மஞ்சள் பூச்சும் கொண்ட நீலகிரி மார்ட்டன் பாதையைக் குறுக்கே தாண்டும். எனக்கு இத்தனை ஆண்டில் இரண்டே முறை கிடைத்தது, இரண்டும் மூச்சு விடும் நேரம்தான்.

குறிஞ்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே போனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இரவிகுளச் சரிவுகளில் பூத்தது, அடுத்தது 2030. இடையில் ஒவ்வோர் ஆண்டும் 'மூணாறில் குறிஞ்சி பூத்துவிட்டது' என்று செய்தி வருவது வேறு குறிஞ்சி இனங்களைப் பார்த்துத்தான். அவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சுழற்சி. 2018 ஆகஸ்டில் பூப்பு தொடங்கிய நேரத்தில்தான் கேரளத்தையே புரட்டிப்போட்ட வெள்ளம் வந்தது. மூணாறுக்கும் ராஜமலைக்கும் நடுவே பெரியவரைப் பாலம் இடிந்து போனது. பார்க்க ஆளில்லாமலும் மலை தன் பாட்டுக்குப் பூத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயணக் குறிப்புகளில் இது வருவதில்லை. ராஜமலையைத் தாண்டிப் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, பெருமழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது மறுநாள் காலையில். எழுபது உயிர்கள். ஏறத்தாழ எல்லோரும் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழுந்து பறிக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள். பூங்காவின் பஸ் ஏறும்போது நீங்கள் படம் எடுக்கப் போகும் அந்தத் தேயிலைப் பச்சைக்குள், ஓட்டுக்கூரையோடு வரிசையாகத் தெரிவதெல்லாம் அத்தகைய லயங்கள்தான். எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். கடைத்தெருவில் யாரோடாவது பேச்சு வந்தால் தமிழிலேயே பேசுங்கள். மூணாறில் அது நம் ஊர்த் தமிழ்தான். ஒருவேளை அவர்களே பெட்டிமுடியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது அவசரம் காட்டாமல் கேளுங்கள்.

யானை, புலிக்குத் திரும்பி வருகிறேன். பூங்காவின் உட்பகுதியில் புலி, சிறுத்தை, செந்நாய், காட்டுமாடு எல்லாம் நடமாடுகின்றன. தடம் கிடைக்கும், எச்சம் கிடைக்கும், உருவம் கிடைப்பது அரிது. யானையை நீங்கள் பார்த்தால் அநேகமாக மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், சாலையோரத்தில் பார்ப்பீர்கள். அங்கே வண்டியை நிறுத்தி இறங்குவது உயிருக்கு ஆபத்து. ஓட்டுநர் நிறுத்தலாம் என்றாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். விலங்கு நிறையப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால், திரும்பும் வழியை மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை என்று வையுங்கள். அதே நாளில் இரவிகுளத்தின் குளிர்ப் புல்வெளியிலிருந்து சின்னாற்றின் முள்காட்டுக்கு இறங்கிவிடுவீர்கள். மலையின் மழை மறைவுப் பக்கம் அது. சோலைக்கும் கள்ளிக்கும் இடையில் சில மணி நேரப் பயணம்தான். ஆற்றோர மருத மரங்களில் சாம்பல் நிறப் பெரிய அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவும். அதுவும் அரிய விலங்கு. வழியில் லக்கம் அருவி சாலையிலேயே இருக்கிறது, அதன் தண்ணீரும் இரவிகுளத்து மலையிலிருந்து இறங்குவதுதான்.

எடுத்துப் போக வேண்டியவை: எல்லோருக்கும் ஸ்வெட்டர், ஒரு மழைச்சட்டை, பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ, இருந்தால் ஒரு பைனாகுலர். மே மாதத்திலும் காற்று வெட்டும், மதியத்துக்கு மேல் கோடை மழை வரலாம். பிளாஸ்டிக் பாட்டிலும் பாக்கெட்டும் கொண்டு போகாதீர்கள். ஏறி இறங்க மட்டும் ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மூட்டம் வந்தால் திரும்பிவிடாதீர்கள். உங்கள் உறவினர் அநேகமாக அங்கேதான் திரும்பியிருப்பார். ராஜமலையில் மூட்டம் ஏறுவதும் இறங்குவதும் பத்து இருபது நிமிடக் கணக்கு. நாலடி தள்ளி இருப்பதுகூடத் தெரியாமல் வெள்ளையாக மூடிவிடும். பாதையோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி எல்லோரும் ஒன்றாக நின்றுகொள்ளுங்கள், பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் காது பழகும். முதலில் எங்கோ ஓடைத் தண்ணீர் கேட்கும். பிறகு, மிக அருகில், புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம். சரக், சரக் என்று அளவாக. பிள்ளைகள் உங்கள் கையை இறுக்குவார்கள். காற்று ஒருமுறை புரண்டு மூட்டம் கிழியும்போது, சத்தம் வந்த இடத்தில் ஒரு பெட்டை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து மேயும்.